ஜவ்வரிசி லாட்டுகளுக்கு இடையே தூரம்: ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து வெக்டர் வரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரம் தெரிந்தவர் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் போதும். இந்தச் சரக்கு எந்த லாட்டோடு சேரும், எதோடு சேராது என்று சொல்லிவிடுவார். அதையே கணினியில் செய்ய என்னென்ன வேண்டும், கணக்கு எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதே இந்தப் பதிவு. எந்த லாட்டிலும் எல்லா மணியும் ஒரே அளவாக இருப்பதில்லை. 2 மி.மீ. மணி இத்தனை பங்கு, 3 மி.மீ. இத்தனை பங்கு, பளிச்சென்றிருப்பது இத்தனை, மங்கல் இத்தனை என்று ஒவ்வொரு லாட்டும் ஒரு நிகழ்தகவுப் பரவல். இரண்டு லாட்டை ஒப்பிடுவது என்றால் இரண்டு பரவலுக்கு நடுவே தூரம் அளப்பது.

சாம்பிள்கள் சேரச் சேர, ஜோடி ஜோடியாகக் கனமான கணக்கு போடுவது கட்டுப்படியாகாது. 2,000 லாட் என்றால் 19,99,000 ஜோடி. அதனால் ஒவ்வொரு லாட்டையும் ஒரு வெக்டராக, அதாவது எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொண்டு, வெக்டர்களுக்கு நடுவே சாதாரணக் கழித்தல் கூட்டலில் தூரம் எடுக்கிறோம். இந்த மாற்றம்தான் எம்பெடிங். மாற்றும்போது தூரம் எவ்வளவு கெடுகிறது என்பது திரிபு. ஒவ்வொரு ஜோடிக்கும் வெக்டர் தூரத்தை அசல் தூரத்தால் வகுத்து, வரும் விகிதங்களில் பெரியதைச் சிறியதால் வகுத்தால் திரிபு கிடைக்கும். 1 வந்தால் துளியும் கெடவில்லை. எந்தத் தூரத்துக்கு 1 கிடைக்கும், எதற்குத் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்று முன்பே தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

சாம்பிள், ஸ்கேனர்

கணக்கில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேயே தொடங்குகின்றன. மூட்டை லாரியில் குலுங்கி வரும்போது பொடி மணி அடிக்கு இறங்கிவிடும், பெரிய மணி மேலே நிற்கும். மேல்வாயில் கைவிட்டு அள்ளிய சாம்பிள் எப்போதும் பெரிய மணியையே காட்டும். குத்தூசியால் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் குத்தி எடுத்து, தாளில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகக் கூறிடுங்கள். எதிரெதிர்க் கூறு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டு மறுபடி குவியுங்கள். ஏறத்தாழ 20 கிராம் மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். 3 மி.மீ. மணி ஒன்று சுமார் 0.02 கிராம் இருக்கும், ஆகவே 20 கிராமில் ஆயிரம் மணிக்குக் குறையாது.

ஸ்கேனர் வாங்கும்போது உணரிப் பட்டை கண்ணாடியை ஒட்டியே நகரும் மெல்லிய சி.ஐ.எஸ். வகையைத் தவிர்த்து, ஆடியும் லென்ஸும் வைத்த தடியான பழைய சி.சி.டி. வகையையே தேடுங்கள். உருண்டை மணி கண்ணாடியைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். அதன் அகலமான நடுப்பகுதி கண்ணாடிக்கு ஒன்றரை மி.மீ. மேலே நிற்கிறது. சி.ஐ.எஸ்.ஸுக்கு அவ்வளவு ஆழம் கூர்மையாகத் தெரியாது. விளிம்பு மங்கி, விட்டம் பிசகும். 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். ஒரு பிக்சல் 0.0423 மி.மீ., 3 மி.மீ. மணி 71 பிக்சல் அகலம். ஏ4 முழுப் பரப்பையும் சாம்பல் நிறப் படமாக எடுத்தால் 35 எம்.பி. அளவில் வரும்.

மூடிக்குப் பதிலாகக் கருப்பு வெல்வெட் துணியை மணிகள் மேல் லேசாகப் போர்த்துங்கள், அழுத்த வேண்டாம். ஸ்கேனரின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை நிறுத்திவிட வேண்டும். ஒரு மூலையில் எப்போதும் அதே வெள்ளை அட்டைத் துண்டு இருக்கட்டும், ஒவ்வொரு ஸ்கேனிலும் அதன் சராசரி சாம்பல் மதிப்பைக் (கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255) கொண்டு மொத்தப் படத்தையும் சரிசெய்துகொள்ளலாம். பிளாஸ்டிக் அளவுகோலை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்குவாக்கிலும் வைத்து எடுத்து, இரண்டு திசையிலும் பிக்சல் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு இருபது மணியை டிஜிட்டல் வெர்னியரில் அளந்து, படத்தில் வரும் விட்டத்தோடு ஒப்பிட்டு, மணியைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வெளுப்பு எல்லையை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். விளிம்பில் பக்கத்துக்கு ஒரு பிக்சல் தவறினாலே விட்டத்தில் 0.085 மி.மீ. போய்விடும்.

ஒட்டிக்கொண்ட மணிகள்தான் பெரிய தலைவலி. 3 மி.மீ. மணி இரண்டு ஒட்டியிருந்தால் பரப்பு இரட்டிப்பாகி, மென்பொருள் அதை 4.24 மி.மீ. மணி ஒன்றாக எண்ணும். வட்டத்தன்மையைப் பார்த்தால் பிடித்துவிடலாம்: பரப்பை 4π-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுங்கள். முழு வட்டத்துக்கு 1, தொட்டுக்கொண்ட இரட்டைக்கு 0.5. 0.85-க்குக் கீழே வருவதை எல்லாம் ஓப்பன்சிவி என்ற பட ஆய்வு நூலகத்தின் வாட்டர்ஷெட் முறையில் பிரித்துப் பாருங்கள், பிரியாததைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 0.8 மி.மீ.-க்குக் கீழான துகள்களும் வேண்டாம், அது மாவுத் தூசி.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடுவது. சல்லடை தருவது எடைப் பங்கு, ஸ்கேனர் தருவது எண்ணிக்கைப் பங்கு. 2 மி.மீ. மணி நூறும் 4 மி.மீ. மணி நூறும் கலந்தால் எண்ணிக்கையில் பாதிப் பாதி. எடையிலோ 8-க்கு 64, அதாவது 11 சதவீதமும் 89 சதவீதமும். சல்லடைக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்றால் ஒவ்வொரு மணிக்கும் விட்டத்தின் கன அளவை எடையாகக் கொடுங்கள். ஒட்டிய இரட்டை அப்போது இன்னும் மோசம். 3 மி.மீ. மணி இரண்டின் எடை, ஒற்றை மணி எடையைப் போல 2 மடங்கு. 4.24 மி.மீ. என்று எண்ணப்பட்டதற்கு 2.83 மடங்கு விழும், அதுவும் தவறான இடத்தில்.

நைலான் ஜவ்வரிசியையும் மாவு ஜவ்வரிசியையும் ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள். நைலான் மணிக்குள் வெளிச்சம் ஊடுருவுவதால் பின்னால் இருக்கும் கருப்புத் துணி தெரிந்து, மணி மங்கலாகப் பதிவாகும். அது தரக்குறைவு இல்லை. அதே போல, பளிச்சென்ற வெண்மை எல்லாம் நயம் சரக்கு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயம் போக்கும் ரசாயனம் கலந்ததும் பளிச்சென்றுதான் இருக்கும். நம் கணக்கு ஒப்புமையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

எந்தத் தூரம்

அரை மி.மீ. இடைவெளியில் ஆறு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அ லாட் முதல் இரண்டு பெட்டியில் பாதிப் பாதி, ஆ லாட் நடு இரண்டில், இ லாட் கடைசி இரண்டில். அ-வுக்கு ஆ நெருக்கம், இ தொலைவு என்று குழந்தையும் சொல்லும். ஆனால் பரவல்களை ஒப்பிட வழக்கமாகப் பயன்படும் நான்கு அளவுகளைப் பாருங்கள். டோட்டல் வேரியேஷன் தூரம் அ–ஆ ஜோடிக்கும் 1, அ–இ ஜோடிக்கும் 1. ஹெல்லிங்கர் இரண்டுக்கும் √2, ஜென்சன்–ஷானன் இரண்டுக்கும் 0.693. குல்பேக்–லைப்லர் இரண்டுக்கும் முடிவிலி. பெட்டிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது இந்த நான்குக்கும் தெரியாது. மண் அள்ளும் தூரம் எனப்படும் வாசர்ஸ்டைன் தூரம் மட்டும் அ–ஆ 1.0 மி.மீ., அ–இ 2.0 மி.மீ. என்று சரியாகச் சொல்கிறது. ஒரு பரவலை இன்னொன்றாக மாற்ற எவ்வளவு சரக்கை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்று பார்த்து, அதில் மிகக் குறைந்த செலவை எடுப்பதுதான் அதன் கணக்கு.

குல்பேக்–லைப்லரை இந்த வேலைக்கு அறவே ஒதுக்குங்கள். ஒரு பெட்டி காலியாக இருந்தாலே முடிவிலி. அதற்காகச் சிறு எண் ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு லாட்டில் 0.05 பங்கும் மற்றதில் சுழியும் இருக்கும் பெட்டிக்கு, 10⁻⁶ சேர்த்தால் 0.541 வரும். 10⁻⁹ சேர்த்தால் 0.886. சரக்கு மாறவில்லை, நாம் சேர்த்த எண் மாறியதற்குத் தூரம் மாறுகிறது. போதாக்குறைக்கு அ-விலிருந்து ஆ ஒரு தூரம், ஆ-விலிருந்து அ வேறு தூரம்.

வரிசை இல்லாத பெட்டிகளும் உண்டு: உடைசல், கரும்புள்ளி, ஒட்டல், தவிட்டு நிறம் என்று குறைபாடு வாரியாகப் பிரித்த பங்குகள். அங்கே ஹெல்லிங்கர் அருமையான தேர்வு, எம்பெடிங்கும் ஒரே வரி: ஒவ்வொரு பங்குக்கும் வர்க்கமூலம் எடுத்து வெக்டராக எழுதி, யூக்ளிடிய தூரத்தை (வித்தியாச வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம்) பாருங்கள். திரிபு சரியாக 1. ஜென்சன்–ஷானனும் அதற்கு நெருங்கிய உறவுதான். அதன் வர்க்கமூலம் முறையான தூர அளவு என்று எண்ட்ரஸும் ஷிண்டலினும் 2003-இல் காட்டினார்கள். யூக்ளிடிய வெளியை முடிவிலாப் பரிமாணத்துக்கு விரித்த ஹில்பர்ட் வெளியில் அது கெடாமல் பதியும் என்பதும் தெரிந்த முடிவு. ஆனால் நடைமுறைக்கு அந்தப் பெரிய எம்பெடிங் தேவையே இல்லை. ஜென்சன்–ஷானனை இயல் மடக்கையில் எடுத்து, ஹெல்லிங்கர் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை எப்போதும் 0.3466-க்கும் 0.5-க்கும் நடுவில்தான் நிற்கும். ஆகவே அதே வர்க்கமூல வெக்டரைக் கொண்டே ஜென்சன்–ஷானன் வர்க்கமூலத்தையும் பிடிக்கலாம், திரிபு 1.2011-ஐத் தாண்டாது.

கையால் சரிபார்க்க ஓர் உதாரணம். ஒரு லாட்டின் பங்குகள் 0.1, 0.4, 0.4, 0.1, 0, 0. இன்னொன்று 0, 0.1, 0.4, 0.4, 0.1, 0. பெட்டிக்குப் பெட்டி பெருக்கி, வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் 0.8. ஹெல்லிங்கர் வர்க்கம் 2 − 1.6 = 0.4. ஜென்சன்–ஷானன் 0.1657. வகுத்தால் 0.414, எல்லைக்குள்தான் இருக்கிறது. எழுதிய நிரலுக்கு இதே எண்களைக் கொடுத்து இதே விடை வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். மடக்கை அடிமானம் 2 வைத்த நூலகங்களில் 0.239 வரும், பயப்பட வேண்டாம்.

ஒற்றை அச்சில்: பெட்டியே வேண்டாம்

அளவு மட்டும் போதும் என்றால் வாசர்ஸ்டைன் தூரமும் திரிபு 1-இல் பதிந்துவிடும். அதே இரண்டு லாட்டின் குவிவுப் பங்குகள், அதாவது முதல் பெட்டியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தவை: 0.1, 0.5, 0.9, 1, 1, 1 மற்றும் 0, 0.1, 0.5, 0.9, 1, 1. வித்தியாசங்கள் 0.1, 0.4, 0.4, 0.1. கூட்டினால் 1.0, பெட்டி அகலம் 0.5 மி.மீ.-ஆல் பெருக்கினால் 0.5 மி.மீ. குவிவு நிகழ்வெண்ணையே வெக்டராக வைத்துக்கொண்டால் எல்1 தூரம்தான் (வித்தியாசங்களின் தனிமதிப்புக் கூட்டுத்தொகை) மண் அள்ளும் தூரம். ஒரே கோட்டில் சரக்கை நகர்த்தும்போது ஒவ்வொரு பெட்டி எல்லையையும் எவ்வளவு சரக்கு கடந்தே ஆக வேண்டும் என்பது குவிவு வித்தியாசத்திலேயே தெரிந்துவிடுகிறது, குறுக்கு வழி ஏதும் கிடையாது. ஒற்றை அச்சில் கணக்கு இவ்வளவு எளிதாக முடிவதற்கு அதுதான் காரணம்.

ஸ்கேனர் இருக்கும்போது பெட்டி பிரிப்பதே வீண் வேலை. ஒரு லாட் முழுக்க 2.98 மி.மீ., இன்னொன்று முழுக்க 3.02 மி.மீ. என்றால், 3.00-இல் எல்லை வைத்த கால் மி.மீ. பெட்டியில் தூரம் 0.25 என்று வரும், உண்மையில் 0.04. மணிகளை விட்டப்படி வரிசைப்படுத்தி, எடையைக் குவித்துக்கொண்டே போய், 64 சம பங்குகளின் நடுப்புள்ளிகளில் விட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 64 எண்தான் வெக்டர். வித்தியாசங்களின் தனிமதிப்புச் சராசரி முதல் வாசர்ஸ்டைன் தூரம், வர்க்கச் சராசரியின் மூலம் இரண்டாம் வாசர்ஸ்டைன். ஒரே வெக்டரில் இரண்டும் கிடைக்கின்றன. இன்னொரு லாபம், ஸ்கேனர் எல்லா விட்டத்தையும் 0.04 மி.மீ. கூட்டிக் காட்டினால் தூரமும் அதிகபட்சம் அந்த 0.04 அளவுக்குத்தான் தவறும். டோட்டல் வேரியேஷனில் இதே சிறு பிசகு 0-வை 1 ஆக்கிவிடும்.

இரைச்சல் அளவையும் இங்கேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அளவுப் பரவலின் திட்டவிலக்கம் 0.4 மி.மீ. என்றால், ஒரே மூட்டையிலிருந்து ஆயிரம் ஆயிரம் மணியாக எடுத்த இரண்டு சாம்பிளுக்கு நடுவிலேயே 0.02 மி.மீ. தூரம் சராசரியாக வரும். கன எடை போட்டால் இன்னும் கூடும், ஏனெனில் 5 மி.மீ. மணி ஒன்று 3 மி.மீ. மணி நான்கரைக்குச் சமம். சில பெரிய மணிகளே விடையை ஆட்டிவைக்கும். இந்த எல்லைக்குக் கீழே எந்த லாட் நெருக்கம் என்று வாதிடுவதில் அர்த்தமில்லை.

அளவும் வெளுப்பும் சேர்ந்தால்

இங்கேதான் கணக்கு முரண்டுபிடிக்கிறது. 1 முதல் 5 மி.மீ. வரை 0.125 மி.மீ. வீதம் 32 கட்டம், சாம்பல் மதிப்பு 128 முதல் 255 வரை 4 வீதம் 32 கட்டம், ஆக 1,024 கட்டங்கள். கட்டம் விட்டுக் கட்டம் போகும் செலவைப் பக்கவாட்டுத் தூரமும் செங்குத்துத் தூரமும் கூட்டி எடுக்கிறோம். அப்படியானால் 0.125 மி.மீ. வித்தியாசமும் 4 சாம்பல் மதிப்பு வித்தியாசமும் சமம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்த விகிதத்தைக் கணிதம் தராது. சரக்கு வாங்குபவரிடம் இரண்டிரண்டு சாம்பிளாகக் காட்டி, எது அதிகம் உறுத்துகிறது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரட்டை அச்சில் குவிவுத் தந்திரம் எடுபடாது. வழக்கமான மாற்று, நான்காகப் பிரியும் மரம். கட்டப் பரப்பை 1, 2, 4, 8, 16 பக்கமுள்ள சதுரங்களாக அடுத்தடுத்துப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் விழும் பங்கை அதன் பக்க நீளத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் ஒரே வெக்டராக வரிசையில் எழுதுங்கள். 1,024 + 256 + 64 + 16 + 4 = 1,364 எண். எல்1 தூரம் எடுத்தால் மண் அள்ளும் தூரத்தின் மதிப்பீடு. இண்டிக், தாப்பர் இருவரும் 2003-இல் படங்களைத் தேட இதைப் பயன்படுத்தினார்கள்.

அப்படியே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டங்களுக்கு 0 முதல் 31 வரை எண் கொடுப்போம். ஒரு லாட் முழுக்க 14-ஆம் கட்டத்தில், இன்னொன்று முழுக்க 15-இல், அசல் தூரம் 1. இரண்டும் 2 பக்கச் சதுரத்திலேயே ஒன்றாகிவிடுவதால் மரம் தரும் விடை 2. இப்போது ஒன்று 15-இல், மற்றது 16-இல். அசல் தூரம் அதே 1. ஆனால் பரப்பின் நடுக்கோடு இரண்டுக்கும் குறுக்கே போகிறது, 16 பக்கச் சதுரம் வரை எங்கேயும் சேரவில்லை. விடை 2 × (1+2+4+8+16) = 62. ஒரே அசல் தூரத்துக்கு 2-உம் 62-உம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து வீடு தள்ளியிருப்பவரை அண்டை வீட்டுக்காரர் என்றும், மதில் தாண்டி நிற்பவரை வெளியூர்க்காரர் என்றும் சொல்வது போல.

பரிகாரம், பரப்பை 64 × 64 கட்டத்துக்குள் வைத்து, இரண்டு திசையிலும் 0 முதல் 31 வரை ஏதோ ஓர் அளவு நகர்த்திவிட்டு மரம் கட்டுவது. அடுத்தடுத்த இரு கட்டங்களை, பக்கம் 8 உள்ள சதுரத்தின் எல்லை பிரிக்க வாய்ப்பு எட்டில் ஒன்று, பக்கம் 32-க்கு முப்பத்திரண்டில் ஒன்று. பெரிய சதுரத்தின் எடை அதிகம், வாய்ப்பு குறைவு, இரண்டும் ஈடாகி ஒவ்வொரு மட்டத்துக்கும் சராசரியாக 2 வருகிறது. பக்கம் 1 முதல் 32 வரை ஆறு மட்டம், மொத்தம் 12. இப்போது எந்த அடுத்தடுத்த ஜோடிக்கும் சராசரி 12 தான், எந்த இடம் என்பது பிரச்சினை இல்லை. ஆனாலும் மூலைக்கு மூலை 62 தூரமுள்ள ஜோடிக்கு மரம் 62-க்கும் 126-க்கும் நடுவில்தான் ஏதாவது சொல்லும், அதாவது ஒன்று முதல் இரண்டு மடங்கு. அருகே 12 மடங்கு, தொலைவில் 2 மடங்கு. இந்தத் திரிபு மட்டங்களின் எண்ணிக்கையோடு, அதாவது கட்ட அகலத்தின் மடக்கையோடு வளரும்.

மரத்தை மாற்றி, எடையை மாற்றி இதை 1-க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நேரம் செலவழிக்க வேண்டாம். தளத்தில் மண் அள்ளும் தூரத்தை எல்1 வெளிக்குள் எப்படிப் பதித்தாலும், திரிபு கட்ட அகலத்தின் மடக்கையின் வர்க்கமூலத்துக்கு விகிதமாகவாவது வளர்ந்தே தீரும் என்று நவோரும் ஷெக்ட்மனும் 2007-இல் நிறுவிவிட்டார்கள். நிரலில் தேடினாலும் கிடைக்காத பிழை அது.

கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி

எம்பெடிங் தரும் எண்ணைத் தூரமாகவே நம்பாமல், அசல் தூரத்துக்கு எல்லையாக வைத்துக்கொண்டால் திரிபு இருந்தும் தேடலின் விடை பிசகாது.

மேல் எல்லை மரத்திலிருந்தே வருகிறது. இரண்டு கட்டங்கள் முதன்முதலில் சேரும் சதுரத்தின் பக்கம் எதுவோ, அதில் ஒன்று குறைத்து இரட்டித்தால் மரத் தூரம். அந்தச் சதுரத்துக்குள் பக்கவாட்டிலும் செங்குத்திலும் போகக்கூடிய அதிகபட்சமும் அதேதான். ஆகவே மரம் ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. பல நகர்த்தல்களில் மரம் கட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியே மேல் எல்லை, அதனால் சராசரி எடுக்காமல் மிகச் சிறியதை எடுங்கள். 15–16 ஜோடிக்கு ஏதோ ஒரு நகர்த்தலில் 2 கிடைத்துவிடும்.

கீழ் எல்லை இன்னும் மலிவு. அளவு அச்சில் மட்டும் ஒரு மண் அள்ளும் தூரம், வெளுப்பு அச்சில் மட்டும் ஒன்று, இரண்டையும் கூட்டுங்கள். சரக்கை எந்த வழியில் நகர்த்தினாலும் இவ்வளவு செலவாகியே தீரும். இதற்குக் குவிவுப் பங்குகள் 31 + 31 = 62 எண் போதும். இங்கே 64 புள்ளி வெக்டரைக் கொண்டுவராதீர்கள். அது தோராயம் என்பதால் அசலைக் கொஞ்சம் தாண்டிவிடலாம், தாண்டினால் எல்லை என்ற உத்தரவாதம் போய்விடும். 32 கட்டங்களிலிருந்தே குவிவை எடுங்கள்.

புதிய சாம்பிள் வந்தால்: எல்லா லாட்டுக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கணக்கிடுங்கள். மேல் எல்லைகளில் பத்தாவது சிறியது எதுவோ அதுதான் தொடக்க வரம்பு. கீழ் எல்லை அந்த வரம்பைத் தாண்டும் லாட்டுகளை அப்போதே தள்ளிவிடலாம், அவற்றில் ஒன்றுகூட முதல் பத்துக்குள் வர வழியில்லை. மிஞ்சியவற்றைக் கீழ் எல்லை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அசல் மண் அள்ளும் தூரத்தைப் போடுங்கள். பைத்தான் ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட் நூலகத்தில் அசல் விடையே தரும் நெட்வொர்க் சிம்ப்ளக்ஸ் முறை இதற்கு நல்லது. காலிக் கட்டங்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால் வேகம் பலமடங்கு கூடும். பத்து அசல் விடை கிடைத்தபின் பத்தாவதன் தூரமே புதிய வரம்பு. அடுத்த லாட்டின் கீழ் எல்லை அதைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். தோராய விடை தரும் சிங்க்ஹார்ன் முறை வேகமானதுதான், குடூரி 2013-இல் பரவலாக்கியது, ஆனால் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் எண்ணால் ஒரு லாட்டுக்கும் அதே லாட்டுக்கும் நடுவேயும் சுழி அல்லாத செலவு வரும். அதன் விடையை இந்த எல்லைகளோடு கலக்காதீர்கள்.

கீழ் எல்லை ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அது வியாபாரத்திலும் நடப்பதுதான்: கலப்புச் சரக்கு. ஒரு லாட்டில் பாதி சிறிய மங்கல் மணி, (8, 8) கட்டம்; பாதி பெரிய வெள்ளை மணி, (24, 24). இன்னொன்றில் பாதி சிறிய வெள்ளை, (8, 24). பாதி பெரிய மங்கல், (24, 8). அளவுப் பரவல் இரண்டிலும் ஒன்று, வெளுப்புப் பரவலும் ஒன்று. கீழ் எல்லை சுழி. அசல் தூரமோ 16 கட்டம், அதாவது 2 மி.மீ. அல்லது 64 சாம்பல் மதிப்பு. முதல் அடுக்கில் இந்த லாட் நெருக்கமானது போல முன்னால் வந்து நிற்கும். அசல் கணக்கு அதைத் தள்ளிவிடும். அளவு, வெளுப்பு என்று இரண்டு தனி அறிக்கை மட்டும் பார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

திரிபை அளக்கும்போது

எம்பெடிங் தூரத்துக்கும் அசல் தூரத்துக்கும் ஒட்டுறவுக் கெழு 0.97 என்று காட்டித் திருப்திப்படாதீர்கள். தொலைவான ஜோடிகள் அந்த எண்ணைத் தூக்கி நிறுத்திவிடும், நமக்கு வேண்டியதோ நெருங்கிய ஜோடிகள். சில நூறு லாட்டை எடுத்து எல்லா ஜோடிக்கும் விகிதம் போட்டு, சிறியது, பெரியது இரண்டையும் எழுதுங்கள். அசல் தூரம் இரைச்சல் எல்லைக்குக் கீழே உள்ள ஜோடிகளை மட்டும் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழியை ஒட்டிய எண்ணால் வகுத்துத் திரிபு வானத்துக்குப் போகும். விகிதம் எந்த ஜோடிக்காவது 1-க்குக் கீழே வந்தால் மரத்தில் எடை தவறு, அல்லது பங்குகளின் கூட்டுத்தொகை 1 இல்லை. பெரும்பாலும் இரண்டாவது. 1-க்கும் 5-க்கும் வெளியே விழுந்த மணிகளைக் கட்டத்திலிருந்து விட்டுவிட்டால் இப்படி ஆகும். அவற்றை ஓரக் கட்டங்களில் சேர்த்துவிடுங்கள்.

வெக்டரைச் சுருக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். யூக்ளிடிய தூரத்துக்கு, தூரம் அதிகம் கெடாமல் வெக்டரின் பரிமாணத்தைக் குறைக்கலாம் என்று சொல்லும் ஜான்சன்–லிண்டன்ஸ்ட்ராஸ் தேற்றம் இருக்கிறது. ஆனால் 2,000 லாட்டுக்கு 10 சதவீதப் பிழை வேண்டும் என்றால், வழக்கமான சூத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பரிமாணம் கேட்கும். கையில் இருப்பதே 1,364. எல்1 தூரத்துக்கோ அப்படி ஒரு பொதுவான சுருக்கம் கிடையாது என்று பிரிங்க்மனும் சரிகரும் 2003-இல் காட்டிவிட்டார்கள். 2,000 லாட் × 1,364 எண் × 4 பைட் 11 எம்.பி. தான். விட்டுவிடுங்கள்.

மணிவாரியான மூல அட்டவணையை, விட்டம், சாம்பல் மதிப்பு, வட்டத்தன்மை மூன்றோடும் அழிக்காமல் வையுங்கள். அச்சு விகிதத்தை மாற்றினால் மரம், குவிவு, எல்லை எல்லாமே மறுபடி கட்டப்பட வேண்டும். ஸ்கேன் மட்டும் மறுபடி எடுக்க வேண்டாம்.

இதே அமைப்பு ஏற்காட்டுக் காப்பிக் கொட்டைக்கும் பொருந்தும், இரண்டு திருத்தத்தோடு. காப்பிச் சல்லடை எண் என்பது அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு, ஆகவே 15-ஆம் எண் 5.95 மி.மீ., 18-ஆம் எண் 7.14 மி.மீ. சல்லடைத் துளையில் கொட்டையை நிறுத்துவது அதன் அகலம், நீளம் இல்லை; பரப்பிலிருந்து விட்டம் எடுக்காமல், ஓப்பன்சிவியில் ஒவ்வொரு கொட்டையையும் சுற்றிச் சாய்ந்த செவ்வகம் போட்டு அதன் குறுகிய பக்கத்தை எடுங்கள். தட்டைக் கொட்டைக்கு அகலத்தின் கன அளவு எடை ஆகாது. ஐம்பது கொட்டையை எடை போட்டு, அகலத்துக்கும் எடைக்கும் ஒரு கோடு பொருத்தி அதைப் பயன்படுத்த வேண்டும். உருண்டையான பீபெர்ரிக்குத் தனியாக இன்னொரு கோடு.